காலப்பயணமும் தலைமுறையும்: நகைச்சுவை அறிவியல் புனைவில் பாட்டன் முரண்



மெர்கோங்கில் நிகழும் இவ்வுரைத் தொடரில் இலக்கணம் பற்றியோ கடாரத்தின் பழமை பற்றியோ பேசுவேன் எனச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பொருள் காலப்பயணம். அதிலும், நகைச்சுவைக் கதைகளில் வரும் காலப்பயணம். இலக்கணமும் கடாரமும் இதனுள் எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதை உரையின் போக்கில் காணலாம். இவ்வகைக் கதைகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அவற்றில் சிரிப்பை எழுப்புவது எந்திரத்தைவிட உறவுமுறையே என்பதையும், அச்சிரிப்பு கெடா மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு ஏன் சற்றுக் கனமானது என்பதையும் விளக்குவதே என் நோக்கம்.

புதிரின் இரு வடிவங்கள்

ஒருவன் கால எந்திரத்தில் ஏறித் தன் தந்தை பிறப்பதற்கு முந்திய காலத்துக்குச் செல்கிறான். அங்கே தன் பாட்டனைக் கொன்றுவிடுகிறான். பாட்டன் இல்லையேல் தந்தை இல்லை. தந்தை இல்லையேல் அவனும் இல்லை. அவனே இல்லையென்றால் கொன்றவன் யார்? கொல்வார் இல்லாமையால் பாட்டன் பிழைத்திருப்பான். அவன் பிழைத்திருந்தால் பேரன் பிறப்பான். பேரன் பிறந்தால் மீண்டும் எந்திரத்தில் ஏறுவான். இதனைப் 'பாட்டன் முரண்' என்பர்.

இதற்கு ஓர் இணைப்புதிர் உண்டு. பாட்டனைக் கொல்லாமல், பாட்டனின் இடத்தில் பேரன் தானே அமர்ந்துவிடுவது அது. கடந்த காலத்துக்குச் சென்றவன் ஒரு பெண்ணை மணக்கிறான். அவள் தன் பாட்டி என்பது பிறகு தெரிகிறது. அவன் தனக்குத் தானே பாட்டன் ஆகிறான். முதற்புதிரில் ஒரு தலைமுறை அறுகிறது; இரண்டாவதில் தலைமுறை வட்டமாக வளைந்து தன்னையே வந்து தொடுகிறது. முன்னதை அறுமுரண் என்றும் பின்னதைச் சுழல்முரண் என்றும் இவ்வுரையின் வசதிக்காகப் பெயரிட்டுக்கொள்கிறேன்.

கதையாசிரியர்கள் இப்புதிர்களை மூன்று வழிகளில் தீர்க்கின்றனர். நடந்ததை மாற்ற இயலாது, எவ்வளவு முயன்றாலும் துப்பாக்கி வெடிக்காது என்பது ஒன்று. நடந்ததை மாற்றலாம், மாற்றினால் இன்றைய உலகமும் மாறும் என்பது மற்றொன்று. மாற்றிய கணத்தில் உலகம் இரண்டாகக் கிளைக்கும், கொலையுண்டவன் வேறோர் உலகத்துப் பாட்டன் என்பது மூன்றாவது. நகைச்சுவைக் கதைகள் பெரும்பாலும் இரண்டாவது வழியையே விரும்புகின்றன. செய்த தவற்றைத் திருத்த மீண்டும் ஓடுவதும், திருத்தப் போய் வேறொன்றைக் கெடுப்பதும் அவ்வழியில்தான் நிகழும்.

மேலைநாட்டு மரபு

மார்க் ட்வெய்ன் 1889இல் எழுதிய நாவலில் கனெக்டிகட் மாநிலத்து அமெரிக்கன் ஒருவன் ஆர்தர் மன்னனின் அவைக்குப் போய்ச் சேர்கிறான். அது நகைச்சுவை, ஆனால் அதில் எந்திரம் இல்லை, தலையில் விழுந்த ஓர் அடியே அவனைப் பின்னோக்கி அனுப்புகிறது. எச். ஜி. வெல்ஸ் 1895இல் 'கால எந்திரம்' நாவலை எழுதினார். அவருடைய பயணி எதிர்காலத்தை நோக்கியே செல்கிறான்; ஆகவே முன்னோரைச் சந்திக்கும் சிக்கல் அங்கே எழவில்லை.

அச்சிக்கலைக் கூர்மையாகக் கையாண்ட தொடக்கக் கதைகளுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் நாட் ஷாக்னர் 1933 டிசம்பரில் ஓர் அறிவியல் புனைவு இதழில் வெளியிட்ட 'முன்னோர் குரல்கள்' என்னும் பொருள்படும் சிறுகதை. காலப்பயணி 452ஆம் ஆண்டில் அக்குயிலியா நகரம் சூறையாடப்படும் இடத்துக்குச் சென்று ஒரு ஹூணனைக் கொல்கிறான். உடனே அந்த ஒருவனின் வழித்தோன்றல்கள் பல நாடுகளிலும் பல இனங்களிலும் ஒரே கணத்தில் மறைகின்றனர். இட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு 1933 என்பதை நினைவிற் கொண்டால் கதையின் அங்கதம் விளங்கும். தம் குருதி தூயது என்று முழங்குவோரும் அவர்களால் இழிவுபடுத்தப்படுவோரும் ஒரே பாட்டனின் மக்களாக இருக்கக்கூடும் என்று சொல்லவே அங்குக் காலப்பயணம் பயன்பட்டது.

பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பர்ஷாவெல் 1944இல் நூலாக வெளியிட்ட நாவலில், நெப்போலியனைக் கொல்லச் சென்ற பயணி இடையில் வந்த வீரன் ஒருவனைக் கொன்றுவிடுகிறான். அவ்வீரன் பயணியின் மூதாதை. அறுமுரணின் பெயர்பெற்ற வடிவம் இதுவே. சுழல்முரணை அதன் எல்லைக்குக் கொண்டுசென்றவர் ராபர்ட் ஹைன்லைன். 1959இல் வெளிவந்த அவருடைய சிறுகதையில் தாய், தந்தை, குழந்தை மூவரும் ஒருவரே.

இப்புதிர் பொதுமக்களின் சிரிப்புக்கு உரியதானது 1985இல் வெளிவந்த 'பேக் டு த ஃபியூச்சர்' திரைப்படத்தால். அதன் கதையாசிரியர்களுள் ஒருவரான பாப் கேல், தம் தந்தையின் பள்ளி ஆண்டுமலரைப் புரட்டியபோது, 'நானும் அப்பாவும் ஒரே வகுப்பில் படித்திருந்தால் நண்பர்களாக இருந்திருப்போமா?' என்று எண்ணியதே கதையின் கரு என்று கூறியுள்ளார். இளைஞன் மார்ட்டி 1955ஆம் ஆண்டுக்குச் செல்கிறான். அங்கே அவனுடைய தாய் பள்ளி மாணவி; அவள் தன் வருங்காலக் கணவனை விட்டுவிட்டு மார்ட்டியின்மேல் மனம் வைக்கிறாள். பெற்றோர் இணையாவிட்டால் அவன் பிறக்கப்போவதில்லை. அவன் சட்டைப்பையில் இருக்கும் ஒரு நிழற்படத்தில் உடன்பிறந்தோர் உருவங்கள் ஒவ்வொன்றாக மங்கி மறைகின்றன. தாயும் மகனும் உறவறியாது நெருங்கும் அவலம் கிரேக்க நாடகத்தில் ஈடிபசின் கண்களைப் பறித்தது. அதே பிழை நிகழுமுன் தடுக்கப்படும்போது நகைச்சுவையாகிறது.

பின்னர் 1997இல் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரான 'ரெட் டுவார்ஃப்', நாயகன் தனக்குத் தானே தந்தை என்று காட்டியது. 2001இல் 'ஃபியூச்சுராமா' என்னும் கேலிப்பட நிகழ்ச்சியின் நாயகன் தன் பாட்டனைக் காக்கப் போய், அவர் இறக்கக் காரணமாகி, இறுதியில் தானே அவ்விடத்தை நிரப்பினான். அறுமுரணும் சுழல்முரணும் அரைமணி நேரத்துக்குள் அடங்கிய கதை அது.

வேதாளத்தின் கடைசிக் கேள்வி

சுழல்முரணுக்கு எந்திரம் தேவையில்லை. 1947இல் அமெரிக்காவில் 'எனக்கு நானே தாத்தா' என்னும் பொருள்படும் வேடிக்கைப் பாடல் ஒன்று பரவியது. ஒருவன் ஒரு கைம்பெண்ணை மணக்கிறான். அவளுக்கு வயதுவந்த மகள் இருக்கிறாள். அம்மகளை அவனுடைய தந்தை மணக்கிறார். உறவுகளை வரிசையாக எண்ணிப் பார்த்தால் அவன் தனக்கே பாட்டன் முறையாகிறான். எண்ணற்றோர் கேட்டுச் சிரித்த பாடல் இது.

தமிழ் மாணவர்களுக்கு இது புதிதன்று. விக்கிரமாதித்தன் கதைகளில் வேதாளம் கேட்கும் கடைசிக் கேள்வி இதுவே. காட்டில் இரு பெண்களின் காலடிச் சுவடுகளைக் கண்ட தந்தையும் மகனும், பெரிய அடிக்குரியவளைத் தந்தையும் சிறிய அடிக்குரியவளை மகனும் மணப்பது என உறுதி செய்துகொள்கின்றனர். கண்டுபிடித்தபின் பார்த்தால் பெரிய அடி மகளுக்கு உரியது. சிறிய அடி தாய்க்கு உரியது. சொன்ன சொல் தவறாமல் தந்தை மகளையும் மகன் தாயையும் மணந்தனர். இரு இணையருக்கும் பிறந்த குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்லிவந்த மன்னன் இதற்கு மட்டும் வாய்திறக்கவில்லை. காசுமீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'கதாசரித்சாகர'த்தில் உள்ள இக்கதை, அமெரிக்கப் பாடலுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. மன்னனின் அறிவை ஆட்சியியலோ அறவியலோ தோற்கடிக்கவில்லை. ஓர் உறவுப்பெயர் தோற்கடித்தது.

காலம் பிறழ்ந்த கதையும் நம் புராணங்களில் உண்டு. மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்டுப் பிரமனிடம் சென்ற ககுத்மி மன்னன், இசை முடியும்வரை சற்றே காத்திருந்தான். அந்தச் சிறுபொழுதுக்குள் பூமியில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன. அவன் மனத்தில் எண்ணி வந்த மாப்பிள்ளைகள் மட்டுமல்லர், அவர்களுடைய பேரன்மாரின் பெயர்களும் உலகில் இல்லை எனப் பாகவதம் கூறுகிறது. ரேவதி இறுதியில் பலராமனை மணந்தாள். பெயர்கூட எஞ்சவில்லை என்ற இக்குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்குத் திரும்புவோம்.

முறை என்னும் சொல்

இனி மொழிக்கு வருவோம். தமிழில் 'முறை' என்னும் சொல்லுக்கு ஒழுங்கு என்று பொருள். உறவு என்றும் பொருள். 'இரண்டு முறை' என்னும்போது தடவை என்றும், 'இது என் முறை' என்னும்போது வரிசையில் வரும் வாய்ப்பு என்றும் பொருள். நீதியையும் அச்சொல் குறிக்கும். தலைமுறை என்னும்போது காலவரிசையும் உறவும் ஒரே சொல்லில் கூடுகின்றன. காலப்பயணக் கதையில் பிறழ்வது இந்த இரண்டுமே. முன்பின் வரிசை குலைந்தால் உறவு குலைகிறது. ஆங்கிலத்தில் அவற்றை இரு வேறு சொற்களால் சொல்லியாக வேண்டும். தமிழில் 'முறை தவறிவிட்டது' என்றாலே போதும்.

உறவுப்பெயர்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 'பேரன்' என்பது 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது பொருள். ஐங்குறுநூற்றில் தலைவனின் புதல்வன் தந்தை பெயரன் என்றே குறிக்கப்படுகிறான். பாட்டனும் பேரனும் ஒரே பெயருக்கு உரியவராதலின், யாழ்ப்பாண வழக்கில் பாட்டனையும் பேரன் என்றே அழைப்பர். பாட்டியைப் பேத்தி என்பர். சுழல்முரணை அம்மொழிவழக்கு ஒரே சொல்லுக்குள் அமைதியாக வைத்திருக்கிறது.

அரச மரபிலும் இவ்வொழுங்கு இருந்தது. சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிச் சூடினர். முதலாம் இராசராசன் இராசகேசரி. அவன் மகன் இராசேந்திரன் பரகேசரி. இராசேந்திரனுக்கு அடுத்து வந்த இராசாதிராசன் மீண்டும் இராசகேசரி. இங்கேயும் பாட்டனின் பட்டம் பேரனுக்கு வந்து சேர்ந்தது.

இல்லங்களில் இவ்வழக்கம் ஒரு நகைச்சுவையையும் தோற்றுவித்தது. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. பிள்ளைக்கோ மாமனாரின் பெயரையே இட்டிருப்பர். பெற்ற தாய் தன் பிள்ளையைப் பெயர்சொல்லி அழைக்க இயலாமல், 'ராசா' என்றோ 'தம்பி' என்றோ வேறொரு கூப்பிடு பெயரைத் தேடிக்கொள்வாள். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே, மண்ணில் தவழும் குழந்தைக்கு மாமனாரின் மரியாதை போய்ச் சேர்ந்துவிட்டது.

திருமண உறவிலும் இத்தகைய இரட்டை நிலை உண்டு. தாய்மாமன் அக்காள் மகளை மணக்கும் வழக்கத்தை மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமும் இந்துக்களுக்கு உரிய விதிவிலக்காக ஏற்றுள்ளது. அத்தகைய மணத்தில் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். தந்தையின் தந்தை அதற்குத் தாத்தா. தாயின் தாய் அத்தந்தையின் அக்காள் ஆதலால், அதே தாத்தா தாய்வழியில் கொள்ளுத்தாத்தாவும் ஆகிறார். தாயின் தாய் பாட்டியாகவும் இருக்கிறார், அத்தையாகவும் இருக்கிறார். ஒருவரே இரு தலைமுறைகளில் நிற்கிறார். எந்த எந்திரமும் வேண்டியிருக்கவில்லை. இவ்வழக்கத்தின் மருத்துவ நன்மை தீமைகள் வேறோர் உரைக்கு உரியவை. அக்குழந்தை எந்தப் பெயரால் அழைப்பது என்று குழம்புவதில்லை, மூத்தோர் சொல்லிக்கொடுத்தபடி அழைக்கிறது என்பதே இங்கு நாம் குறிக்க வேண்டியது.

இலக்கணத்தில் காலம்

டக்ளஸ் ஆடம்ஸ் 1980இல் வெளியிட்ட நகைச்சுவை நாவலில், காலப்பயணிகள் தமக்குத் தாமே பெற்றோர் ஆகிவிடும் இடர்ப்பாட்டை எளிதென ஒதுக்கிவிட்டு, அவர்களைத் திணறடிப்பது வினைமுற்றுகளின் இலக்கணமே என்று நகையாடுகிறார். நடந்துமுடிந்த எதிர்காலத்தை எந்தக் காலத்தில் சொல்வது? இதற்கென ஒரு கற்பனை இலக்கண நூலையே அவர் படைத்துக்காட்டுகிறார்.

நம் இலக்கணிகள் இதனை வேறொரு வகையில் எண்ணிப் பார்த்துள்ளனர். விரைவு பற்றி எதிர்காலத்தை இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று தொல்காப்பியம் இடம் தருகிறது. நன்னூல் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணங்களால் காலம் மயங்கி வருவதை ஏற்கிறது. புறப்படாமலே 'இதோ வந்துவிட்டேன்' என்கிறோமே, அது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறக் கண்டு, மழை வருமுன்னரே 'மழை பெய்தது' என்பது தெளிவு. மலாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. 'சூடா', 'அக்கான்' போன்ற சொற்களே காலத்தை உணர்த்துகின்றன. இந்தியிலோ 'கல்' என்னும் ஒரே சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கிறது. ஒவ்வொரு மொழியும் காலத்தைத் தனக்கேற்ற வகையில் கட்டியிருப்பதால், காலப்பயணத்தின் வேடிக்கையும் மொழிக்கு மொழி வேறுபடும்.

தமிழில் அவ்வேடிக்கை வினைமுற்றைவிட விளியில் மிகுதி. ஆங்கிலத்தில் மார்ட்டி தன் இளவயதுத் தாயைப் பெயர் சொல்லி அழைத்துவிட முடிகிறது. முன்னிலைச் சுட்டும் அம்மொழியில் ஒன்றே. தமிழில் பதினேழு வயதுப் பெண்ணாக நிற்கும் தாயை அவன் 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா? 'அம்மா' என்றால் அவள் திகைப்பாள். பெயர் சொன்னால் அவன் நா கூசும். ஆனால் நம் வழக்கு அவனைக் காப்பாற்றவும் கூடும். தாய் மகளை 'வாம்மா' என்றும், தந்தை மகனை 'என்னப்பா' என்றும் அழைக்கும் மொழி இது. முன்பின் அறியாத இளம்பெண்ணையும் 'அம்மா' என்று விளிக்கலாம். அவள் அதனை மரியாதை என்றே கொள்வாள்.

திரையில் வந்த காலப்பயணம்

தென்னிந்தியத் திரையில் கால எந்திரத்தைப் பலரும் அறியச் செய்தது 1991இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய தெலுங்குப் படமான 'ஆதித்யா 369'. தமிழில் முழுமையான காலப்பயண நகைச்சுவை என்று சொல்லத்தக்கது 2015இல் ஆர். இரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை'. 2065ஆம் ஆண்டு அறிவியலர் ஒருவர் சோதனைக்காக அனுப்பிய எந்திரம் வேலையற்ற இளைஞன் ஒருவனிடமும் அவனுடைய சோதிட நண்பனிடமும் சிக்குகிறது. அவர்கள் அதனைத் தொலைந்த பொருள்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் சோதிடத் தொழிலுக்குப் பயன்படுத்துகின்றனர். எதிர்காலம் சொல்வதாக நம்பப்படும் தொழில் இறந்த காலத்தைப் பார்த்துவந்து சொல்வதால் செழிக்கிறது என்பது அப்படத்தின் சிறந்த நகை. பின்னர் நாயகி பிறந்த நாளைக் காணச் செல்லுகையில், அவர்களுடைய தலையீட்டால் இறக்க வேண்டிய ஒரு கொடியவன் பிழைத்துக்கொள்கிறான், நிகழ்காலம் மாறிவிடுகிறது. அறுமுரணின் மறுதலை இது.

2016இல் வந்த '24' கைக்கடிகாரம் ஒன்றைக் கொண்டு தந்தை, மகன், பெரியதந்தை என்னும் மூவரின் கதையைச் சொன்னது. மூவரும் ஒரே நடிகர். 2022இல் வந்த 'கணம்' படத்தில் நண்பர் மூவர் 1998ஆம் ஆண்டுக்குச் சென்று சிறுவர்களாக இருக்கும் தம்மையே சந்திக்கின்றனர். அவர்களுள் ஒருவன் விபத்தில் இறந்த தாயைக் காக்க விழைகிறான். 2023இல் வந்த 'மார்க் ஆண்டனி'யில் இறந்த காலத்தோடு பேசும் தொலைபேசி ஒன்று வருகிறது. ஒரு மகன் தன் தந்தை காலத்து வீட்டோடு அதன்வழிப் பேசுகிறான்.

இப்படங்களை வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். மேலைக் கதைகளின் பயணி வரலாற்றை மாற்றவும் அரசர்களைக் காணவும் செல்கிறான். தமிழ்ப் படங்களின் பயணிகள் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே செல்கின்றனர். தாயை மீட்பதும் தந்தையின் உண்மையை அறிவதும் அவர்களுடைய வேலைகள். எந்திரம் எதுவாயினும் அது போய் நிற்கும் இடம் வீட்டு வாசல்.

தோட்டத்துக் கொடிவழி

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் 1,024 இடங்கள். முப்பது தலைமுறை சென்றால் ஏறத்தாழ 107 கோடி இடங்கள். முப்பது தலைமுறை என்பது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. 1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரத்துக்கு வந்த காலம் அது. அன்று உலக மக்கள்தொகையே அவ்வளவு இல்லை. ஆகவே ஒரே ஆள் பல இடங்களை நிரப்பியிருக்க வேண்டும். எல்லாக் கொடிவழிகளும் பின்னோக்கிச் செல்லச் செல்ல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஷாக்னரின் கதை கணக்கிலும் பிழையற்றது.

ஆனால் அந்த 107 கோடி இடங்களுள் நம் மாணவர் பெயர் சொல்லக்கூடியவை எத்தனை? கெடா 1909இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயரின் மேலாட்சிக்கு வந்தபின், கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் தம் ஊரிலும் உறவிலும் ஆள்திரட்டினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பினாங்கில் இறங்கினர். 1938இல் இந்திய அரசு அத்தகைய ஆள்திரட்டலைத் தடைசெய்தது. எனவே, இங்குள்ள பல குடும்பங்களில் கடல்கடந்து வந்தவர் இன்றைய மாணவரின் பாட்டனுக்குப் பாட்டனோ கொள்ளுப்பாட்டனோ ஆவார். நான்கைந்து தலைமுறைகளே ஆயின. ஆயினும் வந்தவரின் ஊரும் பெயரும் மறந்துபோன வீடுகள் பல.

இதற்கு நம் பெயர்முறையும் ஒரு காரணம். அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி', அதாவது மகன் என்பதன் சுருக்கமான 'ஏ/எல்' குறியையடுத்துத் தந்தை பெயர் மட்டும் வருகிறது. பாட்டன் பெயருக்கு அங்கே இடமில்லை. பேரனுக்குப் பாட்டன் பெயரை இட்டவரை அக்குறை தெரியவில்லை. வேலன் ஏ/எல் முருகன் என்பவருக்குப் பிறந்தவர் முருகன் ஏ/எல் வேலன். அவருக்குப் பிறந்தவர் மீண்டும் வேலன் ஏ/எல் முருகன். வேற்று மொழிக்காரர் ஒருவர் இவ்வட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், முருகனுக்கு வேலன் தந்தை, வேலனுக்கு முருகன் தந்தை என்னும் சுழல்முரணைக் காண்பார். ஆயினும் அச்சுழல் ஒரு காப்பு. பெயர் ஒவ்வொரு தலைமுறை விட்டு மீண்டும் ஒலித்தது. இன்று எண்கணிதம் பார்த்தும் ஓசை பார்த்தும் பெயரிடுகிறோம். அதில் குற்றம் இல்லை. ஆனால் பாட்டனின் பெயர் இரண்டு அட்டைகளுக்குள் மறைந்துவிடுகிறது. 'பேரன்' என்னும் சொல்லின் பொருளும் அதனோடு போய்விடுகிறது.

எழுத்துப்பெயர்ப்பும் இதில் சேர்ந்துகொண்டது. தோட்டக் கணக்கில் பெயர் எழுதியவர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். என் பாட்டனாரின் பெயர் ஒரு தாளில் ஒரு வகையாகவும் என் தந்தையாரின் பிறப்புப் பத்திரத்தில் வேறு வகையாகவும் இருக்கிறது. இரண்டும் ஒருவரே என்று என் அத்தை உயிரோடிருந்தவரை ஐயமின்றிச் சொல்ல ஆள் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. போர்க்கைதிகளாக இறந்த வெள்ளை வீரர்களுக்குக் கல்லறைகளில் பெயர் பொறித்த கற்கள் உள்ளன. அங்கே இறந்த நம்மவருள் மிகப் பலருக்குப் பெயர் எழுதிய கல் இல்லை. அவர்களுள் திருமணம் ஆகாத இளைஞர்களும் இருந்தனர். அவர்கள் யாருக்கும் பாட்டன் ஆகவில்லை. திரைப்படத்து நிழற்படத்தில் உடன்பிறந்தோர் உருவம் மங்கும்போது நாம் சிரிக்கிறோம், மார்ட்டி எப்படியும் சரிசெய்துவிடுவான் என்ற உறுதி இருப்பதால். இங்குச் சரிசெய்ய எவரும் பின்னோக்கிச் செல்லப்போவதில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற மலேசிய நாவல்கள் அவர்களை நினைவிற் கொண்டுவர முயன்றன. பேரப்பிள்ளைகள் இல்லாதவரை நினைக்க உடன்பிறந்தாரின் பேரப்பிள்ளைகளாகிய நாமே இருக்கிறோம்.

ககுத்மி திரும்பி வந்தபோது மாப்பிள்ளைகளின் பேரன்மார் பெயரும் இல்லை என்பதற்கு இருபத்தேழு சதுர்யுகங்கள் வேண்டியிருந்தன. நமக்கு நூறாண்டு போதுமானதாகிவிட்டது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் கொடிவழியை ஒரு தாளில் வரைந்து வரட்டும். பெயரோடு முறைப்பெயரையும் எழுதட்டும். இவர் அத்தையா, பெரியம்மாவா, இரண்டுமா என்பதைக் கேட்டு எழுதட்டும். பிறந்த தோட்டத்தின் பெயரையும், தெரிந்தால் தமிழ்நாட்டு ஊர்ப்பெயரையும் சேர்க்கட்டும். பாட்டிமார் சொல்லும் ஒலிப்பிலேயே அவ்வூர்ப்பெயரை எழுதுவது நல்லது; திருத்தம் பிறகு பார்க்கலாம். விடை தெரியாத இடத்தை வெற்றிடமாக விட்டுவிடலாம். வேதாளத்தின் முன் விக்கிரமாதித்தனும் பேசாமல் இருந்தவன்தான்.

மாணவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய நிழற்படங்கள் இருக்கும். லயத்து வாசலில் நிற்பவர், திருவிழாவில் காவடி எடுத்தவர், மாலையும் கழுத்துமாக நிற்கும் மணமக்கள். இன்று வீடு சென்றதும் மூத்தவர் ஒருவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் அதில் இருப்பவர் பெயரையும் உங்களுக்கு அவர் என்ன முறை என்பதையும் பென்சிலால் மெல்ல எழுதிவையுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும், பென்சில் கெடுக்காது.